கோட்டம் எடுத்த சக்கரம்

வந்த வழியைத் திரும்பிப் பார்த்தபோது பனியில் மூன்று தடங்கள் இருந்தன.

அக்மரால் தண்ணீர்ப் புட்டியை வாயில் வைத்தபடியே அதைப் பார்த்தாள். விடியற்காலையில் விழுந்த ஈரப்பனி, கணுக்கால் அளவுகூட இல்லை, வெயில் பட்டு மேலே மட்டும் பளபளத்துக்கொண்டிருந்தது. ஊசியிலைக் காட்டைத் தாண்டி மலைமுதுகுக்கு ஏறும் அந்த ஒற்றைப் பாதையில் இன்று சைக்கிளில் வந்தவர்கள் இரண்டே பேர்தான். முன்னால் எல்தோஸ், பின்னால் அவள். இடதுபக்கம் ஆழமாகப் பதிந்திருந்தது எல்தோஸின் தடம். அவன் கனத்த ஆள், டயரில் எப்போதும் காற்றைக் குறைத்தே வைப்பான். வலதுபக்கம் ஒல்லியாக, நேராக ஓடியது அவளுடையது. ஒன்பது வருஷமாகச் சைக்கிள் பட்டறை நடத்துகிறவளுக்கு டயர் தடம் படிக்கத் தெரியாதா என்ன? இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று இருந்தது. அது நேராக வரவில்லை. ஒரு சுற்றுக்கு இடப்பக்கம் ஒரு இழுப்பு, வலப்பக்கம் ஒரு இழுப்பு என்று தள்ளாடித் தள்ளாடி ஏறியிருந்தது. ரிம் வளைந்து கோட்டம் விழுந்த சக்கரம் மட்டும்தான் அப்படித் தடம் போடும்.

அந்தத் தடம் அவர்கள் நின்ற இடம்வரை வரவில்லை. பத்தடி தள்ளி ஒரு பாறைக்குப் பக்கத்தில் சட்டென்று முடிந்திருந்தது. அங்கே யாரும் இல்லை. காலடியும் இல்லை.

"என்னக்கா அப்படிப் பாக்குற?" என்றான் எல்தோஸ். அவன் குனிந்து செயினில் அப்பியிருந்த சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுமில்ல. மேகம் ஏறுது."

"அதான் சொன்னேன். இன்னொரு நாள் வரலாம்னு சொன்னேன்."

"நாளைக்கு விருந்து. இன்னொரு நாள் ஏது? ஏறு."

அவனிடம் தடத்தைக் காட்டியிருக்கலாம். காட்டினால் பயந்து திரும்பிவிடுவான். ஒரு வருஷமாக நெஞ்சுக்குள் வைத்து வைத்துப் பார்த்த காரியத்தை ஒரு கோணல் கோட்டுக்காக விட்டுவிட அவள் தயாராக இல்லை. புட்டியை மூடிவிட்டுப் பெடலில் காலை வைத்தாள்.

கீழே ஊரில் காட்டு வாதுமை பூத்துவிட்டது. காலையில் கிளம்பும்போது வீட்டு முற்றத்தில் வெள்ளைக் கூடாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுடைய தம்பி மாதியார் இறந்து நாளையோடு ஒரு வருஷம். வருஷ விருந்தின் கறிக்குக் குதிரை வாங்கியாகிவிட்டது, பெரிய அண்டாக்கள் வந்திறங்கிவிட்டன. கூடாரக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த தோக்தார் சித்தப்பா இரண்டு சைக்கிள்களையும் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"ஏம்மா அக்மரால், அஞ்சு விருந்தாளி நாளு நடக்குது, நெனப்பு இருக்கா? மேல போயி ஆறாவதா ஏழாவதா நீங்களும் சேந்துக்காதீங்க. அப்புறம் நாளைக்கு அவ்வளவு கறியையும் நானே திங்கணும்!"

எல்லாரும் சிரித்தார்கள். சித்திரை பிறக்கும் சமயத்தில் வரும் அந்தச் சில நாட்களை அங்கே எவரும் நம்புவதில்லை. எந்தக் காலத்திலோ ஐந்து விருந்தாளிகள், இருந்துவிட்டுப் போங்கள் என்று வீட்டுக்காரன் சொன்னதைக் கேட்காமல், வெயிலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கிளம்பிப் போய்ச் சாயங்காலத்துக்குள் விறைத்துச் செத்தார்களாம். அதே நாட்களில்தான் மாதியாரும் போனான்.

அக்மரால் முந்தின நாளே, எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, எல்தோஸிடம் கேட்டுவிட்டாள். "அவன் கெடந்த எடத்த நான் இன்னும் பாக்கல. விருந்துக்கு முன்னால ஒரு தடவ பாத்துரணும். நீ கூட வர்றியா?" எல்தோஸின் கையில் கிண்ணம் நின்றுபோனது. அவன் மாதியாரின் உயிர்த் தோழன், மலைப் பாதைகளில் வெளியூர்க்காரர்களைச் சைக்கிளில் அழைத்துப் போகிற வழிகாட்டி. வரமாட்டேன் என்று அத்தனை உறவுக்காரர்கள் முன்னால் அவன் எப்படிச் சொல்வான்? அவளுடைய அம்மாவே அவன் தோளைத் தடவி, "போயிட்டு வாப்பா. அவளத் தனியா விடாத" என்றாள். அந்தத் தடவலைப் பார்த்து அக்மராலுக்கு வயிறு பற்றி எரிந்தது.

போன வருஷம் எல்தோஸ் சொன்ன கதை இதுதான். இரண்டு பேரும் கீழே பாதை பிரியும் இடம்வரை சேர்ந்து போனார்கள். மலைமுதுகுப் பாதை பனிச்சரிவுக்குப் பயந்து மூடப்பட்டிருந்ததால் அங்கேயே பிரிந்துவிட்டார்கள், மாதியார் கீழ்ப் பாதையில் போனான். அதன் பிறகு அவனைக் காணவில்லை. தேடப் போனவர்கள் இரண்டு ராத்திரி இரண்டு பகல் கீழ்ப் பாதையிலும் ஓடையிலும் சல்லடை போட்டார்கள். மூன்றாம் நாள்தான் யாரோ மேலே போய்ப் பார்த்தார்கள். மலைமுதுகில், மேய்ப்பர்களின் கோடைக்காலக் குடிசைச் சுவரில் சாய்ந்தபடி மாதியார் உட்கார்ந்திருந்தான். முழங்கால் உடைந்திருந்தது. கதவைப் பனி மூடியிருந்தது, அவனால் அதைத் தள்ள முடிந்திருக்கவில்லை.

மாதியார் பிறகு தன் இஷ்டத்துக்கு மேலே ஏறியிருப்பான் என்று ஊர் முழுக்க அந்தக் கதையை நம்பியது. அக்மராலும் நம்பினாள், சைக்கிள் திரும்பி வரும்வரை.

போலீஸ்காரர்கள் ஒரு மாதம் கழித்து மாதியாரின் சைக்கிளைக் கொண்டுவந்து பட்டறையில் போட்டார்கள். முன்சக்கரம் அப்பளமாக வளைந்திருந்தது. அதைக் கழற்றித் தாங்கியில் மாட்டிச் சுழற்றினாள். முப்பத்திரண்டு கம்பி, எல்லாம் அவள் கையால் கோத்தது. காற்றடிக்கும் வால்வுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கம்பியின் திருகு மட்டும் சிவப்பு. அப்படி ஒரு சிவப்புத் திருகு வேண்டும் என்று அடம்பிடித்துப் போட்டுக்கொண்டவன் எல்தோஸ். மாதியாருடைய சக்கரத்தில் எல்லாமே கறுப்பு.

அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எல்தோஸ் மேலேதான் போயிருக்கிறான். தன் சக்கரம் வளைந்ததும், காலொடிந்து கிடந்த மாதியாரின் நல்ல சக்கரத்தை மாட்டிக்கொண்டு, ஆள் கூட்டி வருகிறேன் என்று இறங்கியிருக்கிறான். இறங்கிவந்து, மூடிய பாதையில் போனது தெரிந்தால் வழிகாட்டி உரிமம் போய்விடும் என்று, ஆட்களைத் தப்பான பக்கம் அனுப்பியிருக்கிறான்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்? விசாரணை, கையெழுத்து, ஏதோ ஒரு அபராதம். அவளுக்கு அது போதாது. அந்த வளைந்த சக்கரத்தை வாரக்கணக்கில், கம்பி கம்பியாக முறுக்கியும் தளர்த்தியும், மயிரிழை ஆட்டம்கூட இல்லாமல் கோட்டம் எடுத்தாள். தம்பியின் சைக்கிளிலேயே அதை மாட்டினாள். இன்று அதில்தான் ஏறி வந்திருக்கிறாள். திட்டம் மிகவும் சுலபம். குடிசைக்குள் எல்தோஸைத் தள்ளி வெளியே தாழ் போடுவது. அவன் முன்சக்கரத்தைக் கழற்றி எறிவது. கீழே போய், பாதை பிரியும் இடத்தில் பிரிந்துவிட்டோம், அவன் கீழ்ப் பாதையில் போனான் என்று சொல்வது. அதே பொய். வார்த்தைக்கு வார்த்தை அதே பொய்.

மேகம் மலைமுதுகை விழுங்கியது. வெயில் யாரோ விளக்கை அணைத்ததுபோல் போனது. முதலில் மெல்லிய மழை, பிறகு அது கெட்டிப்பட்டு அரிசிக் குருணை மாதிரி ஆலங்கட்டி, ஹெல்மெட்டில் படபடவென்று கொட்டி, இரண்டு நிமிஷத்தில் அதுவும் நின்று, ஈரமான வெள்ளைப் புகை சரிவிலிருந்து எழுந்து பாதையின் இரண்டு பக்கத்தையும் மூடிக்கொண்டது. அவளுக்கு முன்னால் எல்தோஸின் முதுகு மட்டும் தெரிந்தது. தன் மூச்சும், டயர் பனியை நெரிக்கும் சத்தமும், எங்கோ பனிக்கடியில் ஓடும் தண்ணீரும் கேட்டன. பிறகு இன்னொரு சத்தம்.

டிக் டிக் டிக் டிக்.

மிதிக்காமல் சைக்கிள் தானாக உருளும்போது பின்சக்கரத்தில் கேட்கிற சத்தம். சைக்கிள் ஓட்டுகிற எவருக்கும் அது தெரியும். மிதித்தால் நின்றுவிடும். அவள் மிதித்துக்கொண்டிருந்தாள். எல்தோஸும் மிதித்துக்கொண்டிருந்தான், அவன் முட்டி ஏறி இறங்குவது அவள் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. சத்தம் பின்னாலிருந்து வந்தது. இந்தச் செங்குத்து ஏற்றத்தில் யாரோ மிதிக்காமல், அவசரமில்லாமல், தங்கள் பின்னால் உருண்டு வந்துகொண்டிருந்தார்கள்.

திரும்பவில்லை. கழுத்து திரும்ப மறுத்தது.

அதோடு கூடவே வாசனையும் வந்தது. ஈரமண், பனி, ஊசியிலைப் பிசின் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு, காய்ந்த எண்ணெயின் வாசனை. ரொட்டி பொரிக்கும் எண்ணெய். முதலில் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. அடுத்த நொடி கண்ணில் நீர் முட்டியது, ஒரு கொடூரமான சந்தோஷம் தொண்டையில் ஏறியது. வந்துவிட்டான். கூப்பிட்டேன், வந்துவிட்டான்.

இறந்தவர்களுக்காக ஏழு ரொட்டி பொரிப்பது அங்கே எல்லா வீட்டிலும் நடப்பதுதான். எண்ணெய் காயும் வாசனை அவர்களைத் தொட்டுக் கூட்டி வருமாம். வந்தவர்களுக்காகக் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதி, உள்ளங்கைகளை விரித்து இறைவனிடம் துஆ கேட்டு, முகத்தைத் தடவிக்கொண்டு, ரொட்டியை அக்கம்பக்கத்தில் பங்கிட்டுவிட்டால் அவர்கள் வயிறு நிறைந்து திரும்பிப் போய்விடுவார்கள். இன்று விடிவதற்கு முன் அக்மரால் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு ஏழு ரொட்டி பொரித்தாள். ஓதவில்லை. கைகளை விரிக்கவில்லை. கொதிக்கிற எண்ணெய்க்கு மேலே குனிந்து, "மாதியார், வா. எல்தோஸ் இன்னைக்கு என்கூட மேல வர்றான். எடுத்துக்கோ" என்று மட்டும் சொன்னாள். ஏழையும் ஒன்றுகூட யாருக்கும் கொடுக்காமல் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். ஓதாமல் விட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. யாரும் அப்படி விட்டதில்லை என்பதால் ஊரில் எவருக்குமே தெரியாது.

"அக்கா," என்றான் எல்தோஸ் திரும்பாமல். குரல் பிசிறியது. "பின்னால யாரும் வர்றாங்களா?"

"இல்ல."

"சத்தம் கேக்குது."

"என் சைக்கிள்தான். வண்டிய விடு, குடிசை வந்துருச்சு."

கல்லும் மண்ணும் அப்பிய தாழ்ந்த குடிசை புகைக்குள்ளிருந்து கரிய மூட்டையாக எழுந்தது. அடுப்பை மேய்ப்பர்கள் இலையுதிர் காலத்திலேயே கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். உள்ளே ஆட்டுப் புழுக்கையும் பழைய சாம்பலும் நாறின. எல்தோஸ் வாசலில் நின்று, மாதியார் சாய்ந்திருந்த சுவரைப் பார்த்தான். அந்தச் சுவரை யாரும் அவனுக்குக் காட்டவில்லை. பார்த்த உடனே தலையைக் குனிந்துகொண்டான்.

அக்மரால் சைக்கிளை வாசலிலேயே தலைகீழாக நிறுத்தி முன்சக்கரத்தைச் சுழற்றினாள். சிவப்புத் திருகு சுற்றிச் சுற்றி வந்தது.

"இந்தச் சக்கரம் யாரோடது? சொல்லு."

அவன் சுற்றுகிற திருகைப் பார்த்தான். மூக்கிலிருந்து நீர் வடிந்தது, துடைக்கவில்லை.

"என்னோடது."

"அப்ப மாதியாரோடது எங்க?"

"கால்வாயில போட்டுட்டேன்." பிறகு மளமளவென்று கொட்டினான். "உரிமம் போயிரும்னு பயந்துட்டேங்கா. இறங்கும்போது நல்ல வெயிலு. கீழ்ப் பாதையில ஆள் இல்லன்னா அவங்களே மேல ஏறிருவாங்க, ரெண்டு மணி நேரம்தான் தள்ளிப்போகும்னு நெனச்சேன். அப்புறம் பனி பிடிச்சிருச்சு. அப்புறம் சொல்ல வாய் வரல."

"ரெண்டு ராத்திரி, எல்தோஸ்."

"தெரியும்."

"அந்த ரெண்டு ராத்திரியும் எங்க வீட்டுல உக்காந்து, எங்கம்மா கையால டீ வாங்கிக் குடிச்ச. எங்கம்மா உனக்குப் போர்வை போத்திவிட்டா."

"தெரியுங்கா." சத்தமே இல்லாமல் அழுதான். "நாளைக்கு விருந்துல எல்லார் முன்னாலயும் சொல்லிரணும்னுதான் இருக்கேன். நீ கூப்பிடலன்னாலும் சொல்லியிருப்பேன்."

நடிக்கிறான், என்று நினைத்தாள். நடிக்காவிட்டால்தான் என்ன? நாளைக்குச் சொல்லி அழுதுவிட்டு, நாளன்றைக்கு நன்றாகத் தூங்கி எழுவான். பைக்குள்ளிருந்து துணியை எடுத்துப் பிரித்தாள். ரொட்டி சாப்பிட வேண்டும், இறந்தவனின் பங்கு இவன் வயிற்றுக்குள் போக வேண்டும், அப்போதுதான் மாதியார் இவனைச் சரியாக அடையாளம் கண்டுகொள்வான். இதெல்லாம் யாரும் சொல்லித் தந்ததில்லை. கோபம் சொல்லித் தந்தது.

"சாப்பிடு. அவனுக்காகப் பொரிச்சது."

வெளியே டிக் டிக் சத்தம் குடிசையைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. மெதுவாக. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. அதை எல்தோஸும் கேட்டான், அவன் காதோரம் வெளுத்தது. கையில் ரொட்டியை வாங்கினான். வாயில் வைக்கவில்லை. புழுக்கைத் தரையில் மண்டியிட்டு, ரொட்டியை முன்னால் வைத்து, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து ஓதத் தொடங்கினான்.

"டேய், சாப்பிடுன்னேன்."

அவன் நிறுத்தவில்லை. தடுமாறித் தடுமாறி, ஒரு சொல்லுக்கு இரண்டு தரம் அழுது, கடைசிவரை ஓதினான். மாதியாரின் பெயரைச் சொன்னான். "என்ன மன்னிச்சுக்கோடா" என்றான். இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டான். பிறகுதான் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டான்.

வெளியே சத்தம் நின்றது.

எண்ணெய் வாசனையும் குடிசையை விட்டு மெல்ல விலகியது. அது போன பிறகுதான் அக்மராலுக்கு இன்னொன்று புரிந்தது. மிச்ச வாசனை தன்மீதுதான் இருந்தது. மேல்சட்டைக் கையில், கழுத்துத் துணியில், முடியில். விடியற்காலை முழுக்க எண்ணெய்க்கு மேலே குனிந்து நின்றவள் அவள்தான்.

அக்மரால் பின்னால் நடந்தே வெளியேறினாள். கதவை இழுத்துச் சாத்தி இரும்புத் தாழைப் போட்டாள். எல்தோஸின் சைக்கிளிலிருந்து முன்சக்கரத்தைக் கழற்றிப் புகைக்குள் வீசினாள், அது எங்கோ போய் விழுந்தது.

உள்ளே அவன் கத்துவான், கதவை உதைப்பான் என்று காத்திருந்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்றுதானே ஒரு வருஷமாக இருந்தாள். சத்தம் வரவில்லை. கதவுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும் ஓசை மட்டும் கேட்டது.

"அக்கா." குரல் தணிந்திருந்தது. "என்ன வெளிய விடவேணாம். நீ உள்ள வந்துரு."

"வாய மூடு."

"அவன் எங்கிட்ட இல்லக்கா. போயிட்டான். நீ தனியா எறங்காத. உள்ள வா, ரெண்டு பேரும் ஓதலாம்."

"பயந்தாங்கொள்ளி. இப்பகூட உன் உயிரக் காப்பாத்திக்கத்தான் பாக்குற."

"சத்தியமாக்கா. ஓதிட்டாவது போ."

தாழின்மேல் அவள் கை இருந்தது. ஒரு நொடி. ஒரே ஒரு நொடி அந்த விரல்கள் தாழைத் தள்ளப் பார்த்தன. பிறகு அம்மா போர்த்திவிட்ட போர்வை கண்ணுக்கு முன் வந்தது. சைக்கிளை நேராக்கி, ஏறி, இறக்கத்தில் விட்டாள்.

பனி பெய்யத் தொடங்கியிருந்தது. பெரிய பெரிய ஈரத் துணுக்குகள், காற்றே இல்லாமல், நேராக இறங்கின. பாதையும் சரிவும் ஒரே நிறமாகிவிட்டதில் பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இது அவளுக்குப் பழக்கப்பட்ட இறக்கம்தான், கீழே இரண்டாவது வளைவில் ஓடைப் பள்ளம் வரும், அங்கே பிரேக்கை இறுக்கி இடப்பக்கம் ஒடிக்க வேண்டும், அதைத் தாண்டிவிட்டால் காடு, காட்டைத் தாண்டினால் ஊர். அம்மா அண்டாக்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருப்பாள். "எல்தோஸ் எங்கம்மா?" என்பாள். கீழ்ப் பாதையில் போனான் அம்மா. கீழ்ப் பாதையில் போனான். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள்.

பின்னால் டிக் டிக் டிக் என்றது. தன் சைக்கிள்தான். இறக்கம்தானே. மிதிக்கவில்லை, அதனால் கேட்கிறது. சோதித்துப் பார்க்கப் பெடலை ஒரு சுற்று மிதித்தாள்.

சத்தம் நிற்கவில்லை.

"மாதியார்?" என்றாள். "அவன் மேல இருக்கான்டா. உள்ள வச்சிருக்கேன். மேல போ."

டிக் டிக் டிக்.

"மேல போடா. என் பின்னால ஏன் வர்ற?"

எண்ணெய் வாசனை இப்போது வாயிலேயே இருந்தது, எச்சிலோடு விழுங்கினாள். முன்னால் டிங் என்று ஒரு மெல்லிய ஒலி. அந்த ஒலி எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். கம்பி ஒன்று தளர்ந்துவிட்டது. டிங். இன்னொன்று. சாத்தியமில்லை, ஒவ்வொன்றையும் அவளே முறுக்கியிருந்தாள். டிங். டிங். கைப்பிடி இடதுபக்கம் இழுத்தது. பிறகு வலதுபக்கம். கீழே பார்த்தாள். முன்சக்கரம் தள்ளாடியது. ஒரு சுற்றுக்கு ஒரு இழுப்பு. ஒரு சுற்றுக்கு ஒரு இழுப்பு.

முதல் வளைவு போய்விட்டது.

பிரேக்கைப் பிடித்தாள். பிடிக்க முடியவில்லை. விரல்கள் மடங்கின, ஆனால் பிரேக்கின்மேல் ஏற்கெனவே விரல்கள் இருந்தன.

கையுறை இல்லாத கைகள். நீலம் பாரித்தவை. நகங்களுக்கடியில் கறுப்பு. இரண்டு தோள்களுக்கும் மேலாக நீண்டு வந்து அவள் கைகளின்மேல் அமர்ந்திருந்தன. அதன் குளிர் கையுறையைத் தாண்டி, தோலைத் தாண்டி, எலும்பில் ஏறியது. கைப்பிடியில் நான்கு கைகள்.

வலது மணிக்கட்டில் பழைய தழும்பு. எண்ணெய்ச் சட்டியில் சுட்டுக்கொண்டது. அவன்தான்.

"தம்பி," என்றாள். "நான் அக்காடா."

"நீதானே கூப்பிட்ட." முதுகில் படுத்திருந்த பாரத்துக்குள்ளிருந்து வந்தது குரல். கோபம் இல்லை. பசி இருந்தது. "மூணு ராத்திரி வேணாலும் நடந்து வருவேன், நீ கூப்பிட்டா. வந்துட்டேன். எனக்கு ஒண்ணுமே வைக்கல."

"அவன எடுத்துக்கோ. அவனத்தான் குடுத்தேன்."

"அவன் குடுத்துட்டான்."

அந்த விரல்கள் அவள் விரல்களைக் கைப்பிடியிலிருந்து கழற்றத் தொடங்கின. ஒவ்வொன்றாக. பொறுமையாக. சுண்டுவிரல். மோதிரவிரல். இழுத்தாள், வரவில்லை. கத்தினாள், பனி சத்தத்தை அங்கேயே உறிஞ்சிக்கொண்டது. நடுவிரல். கட்டைவிரல். இரண்டு கைகளும் காற்றில் எழுந்தன. சைக்கிள் தானாக ஓடியது. கையுறைகள் உருவப்பட்டு எங்கோ விழுந்தன.

குளிர்ந்த கைகள் அவளுடைய கைகளைத் திருப்பின. உள்ளங்கை மேலே பார்க்க. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து, முகத்துக்கு முன்னால் விரித்துப் பிடித்தன.

காத்திருந்தன.

ஓது. ஓதிவிடு. ஐந்து வயசிலிருந்து தெரிந்த வரிகள், தூக்கத்தில்கூடச் சொல்வாள். வாயைத் திறந்தாள். முதல் சொல் வரவில்லை. நாக்கில் எண்ணெய். மறுபடி திறந்தாள். "எல்தோஸ்," என்றது வாய். வேறு எதுவும் அதற்குள் இல்லை. ஒரு வருஷமாக அது ஒன்றைத்தான் அங்கே வளர்த்திருந்தாள். "எல்தோஸ். எல்தோஸ்."

சக்கரத்துக்குக் கீழே பாதை இல்லை.

வலது தோளுக்கு மேலாக ஒரு தலை முன்னால் வந்தது. முடியில் உறைந்த பனி அவள் கன்னத்தை உரசியது. அது அவளைப் பார்க்கவில்லை. விரித்து வைத்த இரண்டு உள்ளங்கைகளையும்தான் பார்த்தது. நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவன் தட்டுக்குக் குனிவதுபோல மெதுவாகக் குனிந்தது. உள்ளங்கையில் உதடுகள் பட்டன. பிறகு பற்கள்.